மூன்றாவது இழுப்பறையின் வட்டம்

வட்டம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஏலக்கூடத்தில் பெருக்கித் துடைப்பவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். பழைய பித்தளைத் தொலைநோக்கியை எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்து, நீங்கள் பார்க்கப்போகிறீர்கள் என்றுதான் சுத்தம் செய்தேன் என்று இளிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு வயிறு எரியும். நூறு வருஷமாக உட்கார்ந்து சேர்ந்த நிறத்தை அரை மணி நேரத்தில் துடைத்து எறிந்துவிட்டு, அதற்கு விலை வேறு கேட்கிறார்களே! ஃபோனில் கூப்பிட்டு, வீட்டில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது, எவ்வளவு போகும் என்று கேட்பவர்களிடம், ஃபோனிலேயே பல்லும் பிடுங்கிக்கொள்வீர்களா என்று திருப்பிக் கேட்பாள்.

இருபத்தொன்பது வயதில் அந்த ஏலக்கூடத்தில் சாமான்களுக்கு எண் சீட்டு ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். சீட்டு ஒட்டுகிறவளுக்கு எல்லாவற்றின் அடிப்பக்கமும் தெரிந்துவிடும். நாற்காலியின் வயிறு, அலமாரியின் முதுகு, கடிகாரத்தின் உள்குடல் என்று பார்த்துப் பார்த்து, பத்து வருஷத்தில் மதிப்பீடு செய்கிற நாற்காலிக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நாளிதழில் அரைப்பக்கம் எழுதவும் ஆரம்பித்தாள். தகர ரயில் பொம்மை ஏறியிருக்கிறது, பீங்கான் நாய் இறங்கியிருக்கிறது, தபால்தலைக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பழம்பொருள் சந்தைச் செய்தி. அந்த அரைப்பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு சாமான் வாங்க வருகிறவர்கள் உண்டு.

வட்டம்மா என்ற பெயர் அவள் போடும் வட்டத்தால் வந்தது. ஒரு பொருளைப் பார்த்து முடித்ததும், வெளியே தெரியாத ஓர் இடத்தில், மிளகு அளவுக்குப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் மட்டும் இருந்தால் அசல். குறுக்கே ஒரு கோடு இருந்தால் போலி. பொருளுக்குக் காயம் வரக்கூடாது என்பதால் பேனாவைத் தொடமாட்டாள். முதலில் தன் ஞாபகத்துக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். போகப் போகக் கடைத்தெருவில் 'வட்டம் போட்டது' என்றாலே தனி விலை என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளுடைய மூக்கு. பெட்டியோ மேசையோ எது வந்தாலும் இழுப்பறையைத் திறந்து முதலில் மூக்கை உள்ளே விடுவாள். புது மரத்துக்குச் சாயமேற்றிப் பழசாக்கியிருந்தால் சாயத்தின் வாடையும் பாலிஷ் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய மரத்தின் அடைந்த மணத்தை யாராலும் செய்துவிட முடியாது என்பாள். ஏலத்துக்கு முந்தின நாள் அவள் மோந்து பார்ப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் சுற்றி நிற்கும். கூட்டம் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

அந்தப் புதன்கிழமை காலையில், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் போர்வையில் சுற்றிய பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஏலக்கூடத்தின் பின்கட்டுக்கு வந்தார். கப்பல் மருத்துவர்கள் வைத்திருந்த மருந்துப் பெட்டி, ஆறு இழுப்பறை. போன வாரம் வட்டம்மா, கப்பல் மருந்துப் பெட்டிகள் திடீரென்று ஏறியிருக்கின்றன, வைத்திருப்பவர்கள் விற்க இதுதான் நேரம் என்று எழுதியிருந்தாள். அந்தக் கத்தரிப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பத்தொன்பது வருஷமாக அவர் வாடகைக்குக் குடியிருக்கிற இரண்டு அறையை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறாராம். முதலில் உங்களுக்குத்தான் தருவேன், ஆனால் மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள் என்று கெடு வைத்திருக்கிறாராம். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் முழுவதையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தார். சனிக்கிழமை ஏலத்தில் இது போனால் இரண்டு அறையும் அவருக்கு. போகாவிட்டால் மனைவியோடு தெருவில் நின்று வேறு வீடு தேடவேண்டும்.

வட்டம்மா பெட்டியை ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு அடைத்துக் கிடந்தது. மோந்தால் ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலோடு இழுப்பறைகளை முழுக்க உருவி மேசையில் அடுக்கிவிட்டு, காலியான கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

இழுப்பறைகளின் அடிவிளிம்பு தேய்ந்து கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. ஒரு நூறு வருஷமாவது திறந்து மூடின தேய்மானம். அந்த விளிம்பு உட்கார்ந்து ஓடுகிற சட்டங்களோ, ஆறு ஜோடியும், அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தன. இழுப்பறை மட்டும் தேய்ந்து, அது ஓடுகிற சட்டம் தேயாமல் இருக்குமா? எங்கேயோ கிடந்த பழைய இழுப்பறைகளை எடுத்து, அதற்கு அளவாகப் புதுக் கூடு செய்து, சாயமடித்து நுழைத்திருக்கிறார்கள். நேற்றைய பெட்டி. அயோக்கியர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கோடு போட்ட வட்டம் ஒன்றைப் போடலாமென்று மூன்றாவது இழுப்பறையைத் திருப்பினாள். முதுகில் மிளகு அளவுக்கு ஒரு வட்டம் ஏற்கெனவே இருந்தது. அவளுடைய வட்டம். குறுக்கே கோடு இல்லை.

"இத எங்க வாங்கினீங்க?" என்றாள்.

"உங்க தம்பி கடையிலதான்மா. வட்டத்தக் காட்டித்தான் குடுத்தாரு."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. அவள் கோடு போட்டிருக்கிறாள், தம்பி ரப்பரை எடுத்து அழித்திருக்கிறான். அக்காள் வட்டம் போட, தம்பி விற்கிறான் என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காகவே அவன் கடைச் சாமான்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் அவள். அவன் கடையில் அவள் போட்ட கோடுகள்தான் அதிகம். அந்தக் கடுப்பில் செய்திருக்கிறான். ஓட்டுநரிடம், நாளைக் காலையில் வாருங்கள், பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது இழுப்பறையைக் கைப்பையில் செருகிக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள்.

தம்பியின் கடை இரண்டு தெரு தள்ளி, சுவர்க்கடிகாரங்கள் வாசல்வரை தொங்குகிற கடை. உள்ளே ஒரு தம்பதி நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டம்மா அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. இழுப்பறையைக் கல்லாவின் மேல் டொக்கென்று வைத்து, எந்த ரப்பரால் அழித்தாய் என்று கேட்டாள். வயதான மனிதரின் வாழ்நாள் சேமிப்பைத் தின்றுவிட்டு உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று கேட்டாள். அம்மா உன்னை இதற்காகவா பெற்றாள் என்றும் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். நாற்காலி பார்த்தவர்கள் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

தம்பி பொறுமைசாலி. கடை வைத்த பதினைந்து வருஷமாக அவளிடம் திட்டு வாங்கிப் பழகினவன். ஆனால் அன்றைக்கு அவன் முகமும் சிவந்துவிட்டது.

"இதுல நீ கோடே போடலக்கா. வீட்டுக்குப் போய் உன் நோட்டப் பாரு."

"அப்ப நீ உள்ள பாக்கலையா? கடை வச்சிருக்கியே, கண்ணு எங்கடா போச்சு?"

"நீ வட்டம் போட்டதுக்கப்புறம் நான் எதுக்குக்கா பாக்கணும்? யாருதான் பாக்குறா?"

இழுப்பறையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவளுடைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் படுக்கையறையில் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தன. மூன்று இழுப்பறை உள்ள பழைய கப்பல்தலைவர் பெட்டி. சம்பளம் வாங்க ஆரம்பித்த இரண்டாம் வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. அவளிடம் உள்ள ஒரே பழம்பொருள் அதுதான். தம்பி எத்தனையோ தடவை கேட்டும் கொடுத்ததில்லை. நோட்டுகளின் கனத்தில் நடு இழுப்பறை எப்போதும் சிக்கும். கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் வரும். தூக்கி இழுத்து, நாலு வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தாள்.

இருந்தது. அவளுடைய கையெழுத்தில், அவளுடைய நீல மையில். "கப்பல் மருந்துப் பெட்டி. ஆறு இழுப்பறை. மணம் சரி." பக்கத்தில் வட்டம். அவ்வளவுதான்.

நம்ப மாட்டேன் என்று ஒரு மனம் அடம்பிடித்தது. நோட்டில் தப்பாக எழுதியிருக்கலாம், இழுப்பறையில் கோடு போட்டிருக்கலாம், அதைத் தம்பி அழித்திருக்கலாம். பென்சில் கோட்டை அழித்தாலும் மரத்தில் அழுத்தின பள்ளம் போகாது, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தெரியும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டார்ச்சைத் தாழ்வாகப் பிடிக்கச் சொன்னாள். அவர் பேச்சுக் குறைவான மனிதர். சொன்ன மாதிரியெல்லாம் பிடித்தார். பூதக்கண்ணாடியில் வட்டத்தின் பள்ளம் கிணறு மாதிரி தெரிந்தது. குறுக்கே ஒன்றுமே இல்லை.

"கோடு இல்ல" என்றார் அவர்.

"எனக்குக் கண்ணு இருக்கு" என்று சீறினாள்.

பிறகு நோட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பிப் போட்டாள். ஆரம்ப காலத்து நோட்டுகளில் ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம். ஆணியின் தலை எப்படி, ரம்பம் அறுத்த தடம் எப்படி, சட்டத்தின் தேய்மானம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. பிறகு அரைப் பக்கம். பிறகு நாலு வரி. கடைசி ஏழு வருஷமாக, அதாவது கூட்டம் சுற்றி நிற்க ஆரம்பித்த பிறகு, எல்லாவற்றுக்கும் இரண்டே சொல்: மணம் சரி, மணம் சரி, மணம் சரி. அந்த இழுப்பறைகளின் மணம் சரியாகத்தான் இருந்திருக்கும். அவை அசல் பழசு. மூக்கு பொய் சொல்லவில்லை. மூக்கை வைத்துக்கொண்டு டார்ச்சைத் தூக்கிப் போட்டவள் அவள்தான். காலையிலிருந்து ஊரையே திட்டிக்கொண்டு அலைந்தவளுக்கு இப்போது தன் தலையில் தானே அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அடித்தும் கொண்டாள். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் ஓட்டுநர் வருவதற்கு முன்பே ஏலக்கூடத்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சமும் பதறவில்லை. ஓட்டுநர் வந்து கதவருகே நின்றதைப் பார்த்த பிறகும் குரலைத் தாழ்த்தாமலே வழி சொன்னார்.

"வட்டம் இருக்கு. நீங்க போட்டதுதான். யாரும் பொய் சொல்லல மேடம். சனிக்கிழமை போகட்டும். இவருக்கும் வீடு கிடைச்சிரும், உங்க பேரும் தப்பிச்சிரும்."

"அப்ப அடுத்த டிரைவர் யாரு சார்?" என்றாள் வட்டம்மா.

அவருக்குப் புரியவில்லை. வாங்கப்போகிறவனும் ஒருவன் இருக்கிறானே, அவனும் எங்கேயோ உழைத்துச் சேர்த்த காசைத்தானே என் வட்டத்தைப் பார்த்துக் கொடுக்கப்போகிறான் என்று கத்தினாள். கத்திவிட்டு ஓட்டுநர் பக்கம் திரும்பி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கூடு புதுசு. இழுப்பறை மட்டும் பழசு. தம்பி ஏமாற்றவில்லை. தப்பு தன்னுடையது, முழுக்கத் தன்னுடையது. சட்டங்களை அவருக்கு டார்ச் அடித்துக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

"அந்தச் சட்டம் தேயலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

வட்டம்மா டார்ச்சை அணைக்காமல் நின்றாள்.

"முப்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். பிரேக் கட்டை தேஞ்சா அது உரசுற எடமும் தேஞ்சிருக்கும். ஒண்ணு மட்டும் தேயாது. வாராவாரம் பெட்டியத் துடைப்பேன், அப்பல்லாம் பாப்பேன், இதென்ன இப்படி இருக்குன்னு. அப்புறம், வட்டம்மாவே பாத்து வட்டம் போட்டிருக்காங்க, அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாடான்னு என்னையே திட்டிக்கிட்டு மூடிருவேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். திட்டுவதற்கு அந்த அறையில் ஆளே இல்லாமல் போய்விட்டது. மூன்று வருஷமாக ஒரு மனிதர் தன் கண்ணால் சரியாகப் பார்த்துவிட்டு, அவளுடைய மிளகு அளவு வட்டத்துக்குப் பயந்து தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறார். தம்பியும் அப்படித்தான். கடைத்தெரு முழுக்க அப்படித்தான். இவ்வளவு பேரைக் குருடாக்கிவிட்டுத்தான் அவள் நடுவில் நின்று மோந்துகொண்டிருந்தாளா?

மூன்றாவது இழுப்பறையைப் பையிலிருந்து எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளின் மேல் பேனாவை வைத்தாள். தன் வட்டத்தின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே போனார்.

நாளிதழுக்கு நாலு மணிக்குள் அனுப்பவேண்டும். பீங்கான், தகரம், தபால்தலை என்று எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். இந்த வாரம் சந்தையில் இறங்கியிருப்பது என் வட்டம் என்று ஆரம்பித்தாள். கடந்த ஏழு வருஷத்தில் நான் போட்ட வட்டங்களை நான் திரும்ப வந்து பார்க்கும்வரை நம்பவேண்டாம், கூப்பிட்டால் வருகிறேன், கூலி வேண்டாம் என்று எழுதினாள். இழுப்பறையை முழுக்க உருவுங்கள், அது ஓடுகிற சட்டத்தைப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து தேய்ந்திருக்கவேண்டும், இதற்கு நான் தேவையில்லை என்று எழுதினாள். எனக்கு மூன்று வருஷம் முன்னதாகவே இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பஸ் ஓட்டுநர், என் வட்டத்தைப் பார்த்துத்தான் பேசாமல் இருந்துவிட்டார் என்று முடித்தாள். திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். படித்தால் கை மாற்றிவிடும் என்று அவளுக்குப் பயம்.

பிறகு ஓட்டுநர் வீட்டுக்கே போனாள். உங்கள் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் என்னுடைய பெட்டி ஒன்று சனிக்கிழமை உங்கள் பெயரில் ஏலத்துக்குப் போகிறது என்றாள். அவர் அதெல்லாம் வேண்டாம் என்று கையெடுத்தார். வட்டம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரிஞ்சது. அத மூடவச்சது நான். பேசாம வந்து ஒக்காருங்க."

வெள்ளிக்கிழமை அந்த அரைப்பக்கம் வந்ததும் கடைத்தெரு பற்றி எரிந்தது. வட்டத்தைக் காட்டி விற்றவர்கள் எல்லோரும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தம்பி கடையில் மட்டும் வட்டம் போட்ட சாமான் நாற்பதுக்கு மேல். அவன் ஃபோனில் கூப்பிட்டு, கடையில் வந்து அவமானப்படுத்தினாய், அதற்கு ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் இப்போது பேப்பரில் கடையையே சாத்திவிட்டாய், இனிமேல் எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கப்பல்தலைவர் பெட்டி மேடைக்கு வந்தது. முதலாளி கடைசி நேரத்திலும் பென்சிலை நீட்டினார், ஒரு வட்டம் போட்டால் நன்றாக இருக்குமே, இதுதான் நிஜமாகவே அசலாயிற்றே என்றார். போடமாட்டேன், கண் இருக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்றாள். வட்டமில்லாத பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஓட்டுநர் முன் வரிசையில் மனைவியோடு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது தம்பி வந்தான். அக்காள் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பெட்டியிடம் போய், மூன்று இழுப்பறையையும் உருவித் தரையில் வைத்து, மண்டியிட்டு, கூட்டுக்குள் டார்ச் அடித்தான். விரலால் ஒவ்வொரு சட்டத்தையும் தடவினான். கால் மணி நேரம் ஆயிற்று, முதலாளி இரண்டு தடவை இருமினார், அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவைகூட மோந்து பார்க்கவில்லை. அவன் எழுந்த பிறகு இன்னொருவர் போய் மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

ஏலம் மெதுவாக ஏறியது. போன வாரம் வட்டத்தோடு போயிருந்தால் வந்திருக்கக்கூடிய விலை வரவில்லை. இரண்டு அறைக்கு வேண்டியது வந்தது. கடைசியாகக் கை தூக்கியவன் தம்பி. ஓட்டுநரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓட்டுநர் எழுந்து வந்து, அந்தப் போலிப் பெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். எரிக்கப்போகிறேன் என்றாள் வட்டம்மா. எனக்கே கொடுத்துவிடுங்கள், பிரஷர் மாத்திரை வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்றார்.

தம்பி சீட்டு எழுதிக்கொண்டு அவளைக் கடந்து போனான். இரண்டடி போய் நின்றான். திரும்பாமலே பேசினான்.

"ரெண்டாவது சட்டம் மட்டும் கொஞ்சம் கூடுதலாத் தேஞ்சிருக்கு."

"அதுலதான்டா நோட்டெல்லாம் வச்சிருந்தேன்" என்றாள் வட்டம்மா.